அனுப்பியவர் கடன்

பொருள் தேடிப் பிரிந்து செல்லுதல் தமிழ் மக்களுக்குப் புதிதன்று. அகத்திணை வகுத்த நம் முன்னோர் பொருள்வயிற் பிரிவு என்று அதற்கோர் இடம் அளித்துப் பாலைத் திணையின்கண் வைத்தார்கள். நீரற்ற சுரமும், வழிப்போக்கரைக் கொல்லும் ஆறலை கள்வரும், பிரிந்தவன் மீளும் நாளை எண்ணிச் சுவரில் கோடிட்டு வைக்கும் மனைவியும் அப்பாடல்களில் மீண்டும் மீண்டும் வருவர். நம் முஸ்லிம் ஊர்களிலோ 'சபர்' என்னும் அரபுச் சொல் அடுக்களைச் சொல்லாகவே ஆகிவிட்டது. கொழும்பு, பினாங்கு, ரங்கூன் என்று தொடங்கி, பின்னர் குவைத், ஜித்தா, துபை என்று நீண்ட அந்தச் சபரில் ஒரு சபராளியையேனும் அனுப்பாத தெரு நம் கடலோர ஊர்களில் இராது.

ஆயினும் பாலைப் பாட்டின் தலைவனுக்கும் இன்றைய சபராளிக்கும் பெரியதோர் வேற்றுமை உண்டு. அவன் தானே புறப்பட்டான். வழியின் இடரும் அவனுடையது. ஈட்டிவரும் பொருளும் அவனுடையது. இன்று புறப்படுகிறவரை வேறொருவர் அனுப்புகிறார். போகும் நாட்டைத் தேர்ந்தெடுப்பவர் அவர். அந்நாட்டின் நிலைமையை அறிந்து கொள்ளும் வசதி படைத்தவரும் அவர். வேலை முடிந்தால் வரும் ஆதாயத்தில் பெரும்பங்கு பெறுபவரும் அவரே. இடர் மட்டும் போகிறவனிடம் தங்கிவிடுகிறது. போர் நடக்கும் நாட்டிற்கும், ஆட்கடத்தல் மலிந்த நாட்டிற்கும் பணியாளரை அனுப்புகின்ற கம்பெனி அவருக்கு எவ்வளவு கடன்பட்டுள்ளது, அக்கடன் எங்கே முடிகிறது என்பதே நாம் இங்கு ஆராயப் புகும் கேள்வி.

கேள்வி தொலைவில் உள்ளதன்று. 2025ஆம் ஆண்டு நவம்பர் 6ஆம் நாள், மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள மாலி நாட்டின் மேற்குப் பகுதியில், கோப்ரி என்னும் ஊரின் அருகே மின்வழி அமைக்கும் பணியில் இருந்த ஐந்து தமிழர்களை ஆயுதம் தாங்கியோர் கடத்திச் சென்றார்கள். அதே நாட்டின் காயஸ் பகுதியில் ஒரு சிமெண்டு ஆலையிலிருந்து மூன்று இந்தியர்கள் அவ்வாண்டு ஜூலை முதல் நாளில்தான் பிடித்துச் செல்லப்பட்டிருந்தார்கள். செப்டம்பர் முதல் அங்குள்ள ஆயுதக் குழு எரிபொருள் லாரிகளை மறித்து எரித்து வந்த செய்தி உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. ஐவர் கடத்தப்பட்ட பின்னர், அக்கம்பெனியின் மற்ற இந்தியப் பணியாளர்கள் தலைநகர் பமாக்கோவிற்குக் கொண்டு வரப்பட்டார்கள். கொண்டு வந்தது நல்ல செயலே. ஆனால் நவம்பர் 7ல் பாதுகாப்பற்றது என்று முடிவு செய்யப்பட்ட இடம், ஜூலைக்கும் செப்டம்பருக்கும் பின்னர் நவம்பர் 5ல் எவ்வாறு இருந்தது என்று எவரும் கேட்கக் கூடும்.

அச்செய்தி வந்த நாட்களில் இங்கே திருத்தணிக் கடைவீதியில் நாம் பலமுறை கேட்ட பேச்சு ஒன்றுதான். 'தெரிந்துதானே போனார்கள்?' இப்படிச் சொன்னவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் அல்லர். அவர்களுள் ஒருவருடைய மருமகன் ஆப்பிரிக்காவில்தான் இருக்கிறான். ஆனாலும் இந்தச் சொல்லில் ஒரு முழு வழக்கு அடங்கியிருக்கிறது. ஒப்புக்கொண்டவன் இடரையும் சேர்த்தே ஒப்புக்கொண்டான், கூடுதல் சம்பளம் அதற்குத்தானே என்பது அவ்வழக்கு. இதனை எளிதாகத் தள்ளிவிட இயலாது. ஒருவன் தன் விருப்பத்தால் ஏற்கும் ஒப்பந்தத்தை மதிப்பது ஷரீஅத்தின் அடிப்படைகளில் ஒன்றாகும். அவனுக்கு அறிவில்லை என்று கருதி அவனுக்காக நாம் முடிவு செய்வது அவனை இழிவு செய்வதும் ஆகும்.

எனினும் நம் ஊரிலேயே ஒரு காட்சியைக் காண்கிறோம். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலைக்குக் காவடி எடுத்து லட்சக்கணக்கில் மக்கள் வருகிறார்கள். ஒவ்வொருவரும் தம் விருப்பால் வருகிறவர், நேர்த்திக்கடன் அவருடையது. படிகள் செங்குத்தானவை என்பதும் வெயில் கடுமையானது என்பதும் அவருக்குத் தெரியும். இருந்தும் குடிநீர்த் தொட்டியும், கயிறு கட்டிய வரிசையும், போலீசும், ஆம்புலன்சும் ஏற்பாடு செய்வது விழா நடத்துவோரின் பொறுப்பு என்பதில் எவருக்கும் ஐயமில்லை. நெரிசலில் ஒருவர் விழுந்தால், தானே வந்தார் என்று யாரும் கைகழுவுவதில்லை. கூட்டிச் சேர்ப்பவர், கூடுகிறவர்க்குக் கடமைப்பட்டவர் என்பதை நம் மக்கள் சட்டப் புத்தகம் படிக்காமலே அறிவார்கள். கூலிக்கு ஆள் சேர்க்கும் இடத்தில் மட்டும் அவ்வறிவு ஏன் மழுங்கிவிடுகிறது?

ஒப்புதல் என்பது ஒரு சொல்லேயாயினும் அதன் உள்ளே பல தரங்கள் உண்டு. திருக்குர்ஆனின் 28ஆம் அத்தியாயத்தில், மூஸா (அலை) அவர்கள் மத்யன் நகருக்கு வந்து சேர்ந்த வரலாறு கூறப்படுகிறது. உயிருக்கு அஞ்சி ஓடி வந்தவர்; கையில் ஒன்றுமில்லை; மர நிழலில் அமர்ந்து எந்த நன்மை கிடைப்பினும் அது தமக்குத் தேவை என்று இறைவனிடம் முறையிட்டவர். எந்த நிபந்தனைக்கும் தலையாட்டக் கூடிய நிலையில் இருந்த ஆள். ஷுஐப் நபி என்று பலரும் கருதுகின்ற அம்முதியவர் அவரை அழைத்து, வரலாறு கேட்டு, முதலில் சொன்னது கூலியைப் பற்றியன்று. இனி அவர் அஞ்ச வேண்டியதில்லை, கொடியவரிடமிருந்து தப்பிவிட்டார் என்பதேயாகும். அதன் பின்னரே எட்டாண்டு என்ற தவணையும், விரும்பினால் பத்தாண்டு என்ற சலுகையும், அவரை வருத்த விருப்பமில்லை என்ற உறுதியும் பேசப்படுகின்றன. பல ஆண்டுகளாக இப்பகுதியை மாணவர்க்குப் பாடம் சொல்லியிருக்கிறோம். பாதுகாப்பு முன்னும் கூலி பின்னுமாக வந்த இந்த வரிசை, படிக்கப் படிக்க நம்மை வியக்க வைக்கிறது. தேவையுள்ளவனின் தேவையை விலையில் கழித்துக்கொள்ளாத முதலாளியை அங்கே காண்கிறோம்.

இதைவிடவும் நம் கேள்விக்கு நெருங்கிய ஒன்று இஸ்லாமிய வரலாற்றில் உண்டு. சிரியாவின் ஆளுநராய் இருந்த முஆவியா (ரலி) அவர்கள், கடல் கடந்து ஸைப்ரஸ் தீவின் மீது படை செலுத்தக் கலீபா உமர் (ரலி) அவர்களிடம் அனுமதி வேண்டினார்கள். உமர் (ரலி) அவர்கள் பாலைவனத்து மனிதர். கடல் அவர்களுக்குப் பழக்கமன்று. ஆகவே எகிப்தில் இருந்த அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களுக்கு எழுதி, கடலின் இயல்பையும் அதில் செல்வோரின் நிலையையும் விவரித்து அனுப்பப் பணித்தார்கள். வந்த மறுமொழி, மரத்துண்டில் ஒட்டிய புழுவைப் போல மனிதன் கடலில் செல்கிறான் என்னும் கருத்துடையதாய் இருந்தது. அதைப் படித்த கலீபா அனுமதி மறுத்துவிட்டார்கள். வெற்றியும் செல்வமும் வரும் என்பதை அறியாமல் மறுத்தவர்கள் அல்லர். தாம் அறியாத இடரில் பிறரைத் தள்ளும் உரிமை தமக்கில்லை என்று கருதினார்கள்.

பின்னர் உதுமான் (ரலி) அவர்களின் ஆட்சியில் மீண்டும் கோரிக்கை வந்தது. இம்முறை அனுமதி கிடைத்தது. ஆனால் நிபந்தனைகளோடு கிடைத்தது. எவரையும் கட்டாயப்படுத்திச் சேர்க்கக் கூடாது, சீட்டுப் போட்டு ஆள் பிடிக்கவும் கூடாது, தாமே விரும்பி வருவோரை மட்டும் அழைத்துச் செல்ல வேண்டும் என்பது ஒன்று. வரலாற்றாசிரியர் பலாதுரீ தரும் செய்தியில் மற்றொன்றும் காணப்படுகிறது: ஆளுநர் தம் மனைவியையும் உடன் அழைத்துச் செல்வதாயின் செல்லலாம், இல்லையேல் அனுமதி இல்லை. முஆவியா (ரலி) அவர்கள் அவ்வாறே மனைவியுடன் கப்பலேறினார்கள். ஹிஜ்ரி 28ல், கி.பி. 649ஆம் ஆண்டளவில், நடந்த பயணம் அது.

வெறும் ஒப்புதல் போதும் என்றிருந்தால் முதல் நிபந்தனையோடு நின்றிருக்கலாம். இரண்டாவது எதற்கு? போகிறவன் ஒப்புக்கொள்வதால், அனுப்புகிறவனின் சொல் உண்மையாகிவிடாது. 'அங்கே ஒன்றுமில்லை, பயப்படாதே' என்று சொல்லுகிறவர் தம் வீட்டாரையும் அதே கப்பலில் ஏற்றத் துணிவாராயின், அச்சொல்லை நம்பலாம். இன்று பெரிய கம்பெனிகள் நடைமுறையில் செய்வது இதற்கு நேர்மாறானது என்று சொன்னால் மிகையன்று. மேலதிகாரி இரண்டு நாள் பார்வையிட வரும்போது குண்டு துளைக்காத காரும், முன்னும் பின்னும் காவல் வண்டியும் வருகின்றன. மின்கம்பம் நடுகிறவர் ஆண்டு முழுதும் திறந்த வெளியில், தகரக் கூரையின் கீழ் இருக்கிறார். இடம் ஒன்றே, அபாயமும் ஒன்றே, மதிப்பிடப்படும் உயிர்கள் மட்டும் வேறு வேறு.

பிக்ஹு நூலார் வணிகத்திற்கும் கூலிக்கும் பொதுவாக ஒரு விதியை வைத்திருக்கிறார்கள். 'குன்ம்' என்னும் ஆதாயம் எங்குச் செல்கிறதோ அங்கேயே 'குர்ம்' என்னும் இழப்பும் செல்ல வேண்டும் என்பது அதன் கருத்து. துருக்கி உதுமானியப் பேரரசு 1869 முதல் 1876 வரை தொகுத்த 'மஜல்லா' என்னும் சட்டக் கோவையின் 87ஆம் பிரிவில் இது இடம் பெற்றிருக்கிறது. ஏமாற்றப்பட்டவன் தன் இழப்பை ஏமாற்றியவனிடமிருந்து பெறலாம் என்பது அதனோடு ஒட்டி வரும் மற்றொரு விதி. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் 'தெரிந்துதானே போனார்கள்' என்ற வழக்கின் வலு பாதியாகக் குறைந்துவிடும். தெரிந்து போனாலும் ஆதாயம் பெறுகிறவர் இழப்பில் பங்கேற்க வேண்டும். தெரியாமல் போயிருந்தால் முழு இழப்பையும் ஏற்க வேண்டும்.

தெரியாமல் போகிறவர்களும் உண்டா என்று கேட்பவர்களுக்கு, 2004ஆம் ஆண்டு ஈராக்கில் கொல்லப்பட்ட பன்னிரண்டு நேபாளியர்களை நினைவூட்டுவோம். அவர்களில் பலர் ஜோர்டான் நாட்டில் ஓட்டல் வேலை என்று சொல்லி அழைத்துச் செல்லப்பட்டவர்கள். அம்மான் நகரம் சேர்ந்த பின்னர் ஈராக்கில் இருந்த அமெரிக்கப் படைத்தளத்திற்கு அனுப்பப்பட்டு, வழியில் பிடிபட்டார்கள். ஊரில் ஆள் சேர்த்தவர் ஒருவர், அம்மானில் வரவேற்றவர் ஒருவர், வேலை கொடுத்த துணைக் குத்தகைதாரர் ஒருவர், அவருக்கும் மேலே பெரிய கம்பெனி ஒன்று, எல்லாவற்றுக்கும் மேலே ஓர் அரசாங்கம். இந்தச் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியும் அடுத்த கண்ணியைச் சுட்டிக் காட்டியது. அவர்கள் கொல்லப்பட்ட செய்தி எட்டியதும் செப்டம்பர் முதல் நாளில் காட்மாண்டில் கலகம் மூண்டு, ஒரு பள்ளிவாசலும் தாக்கப்பட்டது. அனுப்பியவர் கணக்குத் தீர்க்காமல் விட்டதை, அதனோடு சம்பந்தமே இல்லாத எளிய முஸ்லிம்கள் தீர்க்க வேண்டியதாயிற்று.

எல்லையோரத்தில் வாழும் நமக்கு இச்சங்கிலி நன்கு விளங்கும். 1960 ஏப்ரல் முதல் நாளில்தான் திருத்தணி ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. இன்றும் நகரி சாலையில் ஒரு விபத்து நடந்தால், முதலில் கேட்கப்படும் கேள்வி அடிபட்டவர் பிழைப்பாரா என்பதன்று. இது எந்த மாநிலத்துப் போலீஸ் ஸ்டேஷனைச் சேர்ந்த இடம் என்பதாகும். இரண்டு மாநிலங்களுக்கு இடையிலேயே பொறுப்பு இப்படி நழுவுமானால், நான்கு நாடுகளுக்கு நடுவே அது எங்கே நிற்கும்?

நம் அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வது நேர்மையாகாது. 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம் ஏஜெண்டுகளைப் பதிவு செய்ய வைத்தது. அனுமதி முத்திரை பெற்றுப் போகிற தொழிலாளிக்குப் பத்து லட்ச ரூபாய்க் காப்பீடு கட்டாயமாக்கப்பட்டது. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தில் 1995ல் சேர்த்த பிரிவு ஒன்று, இந்தியக் கம்பெனி வெளிநாட்டில் வேலைக்கு வைத்த தொழிலாளிக்கும் நட்டஈடு உண்டு என்றது. ஆனால் அனுமதி முத்திரை பெற வேண்டிய நாடுகள் என்று வகுத்த பதினெட்டில் மாலி இல்லை. பத்தாம் வகுப்புத் தேறியவர்க்கு அம்முத்திரையும் தேவையில்லை. படித்தவன் தன்னைக் காத்துக்கொள்வான் என்று சட்டம் எண்ணியது போலும்! துப்பாக்கி ஏந்தி வருகிறவர் சர்டிபிகேட்டைப் பார்ப்பதில்லை.

இனி, அனுப்புகிறவர் செய்ய வேண்டுவது யாது? இதற்கு மேனாட்டு நூல்களைத் தேடிப் போகுமுன், திருவள்ளுவர் அதிகாரங்களை அடுக்கிய முறையை நோக்குவது நலம். ஒருவரை ஆராய்ந்து வினையில் அமர்த்துவதைக் கூறும் தெரிந்துவினையாடல் 52ஆம் அதிகாரம். அதற்கு முன்னே வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று மூன்று அதிகாரங்கள் வந்துவிடுகின்றன. தன் வலிமை, காலத்தின் நிலை, இடத்தின் நிலை ஆகியவற்றை அறிவது தலைவனின் வேலை. அவற்றை அறிந்த பின்னரே அவன் ஆளைத் தேட வேண்டும். நம் காலத்துக் கம்பெனிகள் பல இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டன. முதலில் டெண்டர், பின்னர் ஆள், ஆள் போய்ச் சேர்ந்த பின்னர் இடத்தைப் பற்றிய விசாரணை.

பயணப் பாதுகாப்புக்கென்றே இன்று ஒரு தொழில் வளர்ந்திருக்கிறது. நாடுகளுக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறமிட்ட வரைபடங்களும், நோயுற்றவரை விமானத்தில் மீட்டு வரும் ஏற்பாடுகளும் பணம் கொடுத்தால் கிடைக்கின்றன. பயணத்தில் நேரும் இடர்களைக் கம்பெனிகள் கையாள வேண்டிய முறையைப் பற்றி 2021ல் உலகத் தர நிர்ணய அமைப்பு ஒரு வழிகாட்டு நூலே வெளியிட்டது. தகவல் இல்லை என்ற சாக்கு இனிச் செல்லாது. கடத்தலுக்கெனத் தனிக் காப்பீடும் உண்டு. விந்தை என்னவென்றால், அப்படியொரு காப்பீடு இருப்பதைப் பணியாளருக்குச் சொல்லக் கூடாது என்பது பெரும்பாலும் அதன் நிபந்தனை! விலை தெரிந்தால் கடத்துவோர் பெருகுவர் என்பது காரணம். காரணம் நியாயமானதே, ஆனாலும் தன் தலைக்கு வைத்த விலையைத் தான் மட்டும் அறியாத நிலை நமக்கு நெருடுகிறது.

வரைபடம் இருந்தால் போதாது, அதை மதிக்கவும் வேண்டும் என்பதற்கு ஒரு தீர்ப்புச் சான்றாகிறது. 2012 ஜூன் 29ல், கென்யாவின் ததாப் அகதி முகாமில், நார்வே நாட்டு அகதிகள் தொண்டு நிறுவனத்தின் வண்டிகள் தாக்கப்பட்டன. ஓட்டுநர் ஒருவர் கொல்லப்பட்டார்; நால்வர் கடத்தப்பட்டு, நான்கு நாட்களுக்குப் பின் சோமாலியாவில் மீட்கப்பட்டார்கள். அவர்களுள் ஒருவர் தம் நிறுவனத்தின் மீதே ஆஸ்லோ நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தார். கடத்தல் நேரக் கூடும் என்பது முன்னரே தெரிந்திருந்தும், ஆயுதக் காவலை விட்டுவிட்டது கடுமையான கவனக்குறைவு என்று 2015 நவம்பரில் நீதிமன்றம் தீர்த்து, ஏறத்தாழ 44 லட்சம் குரோனர் நட்டஈடு விதித்தது. அது ஆதாயம் தேடும் கம்பெனி அன்று. பசித்தவர்க்கு உதவப் போன தொண்டு நிறுவனம். நல்ல நோக்கம் இருந்தால் கூடப் பொறுப்பு நீங்காது என்றால், ஆதாய நோக்கில் அனுப்புவோர்க்குச் சொல்லவும் வேண்டுமோ?

நேர்மைக்கும் ஒரு சான்று கூறுவோம். 2013 ஜனவரியில் அல்ஜீரியாவின் இன் அமெனாஸ் எரிவாயு நிலையம் தாக்கப்பட்டு, பல நாடுகளைச் சேர்ந்த நாற்பது பேர் உயிரிழந்தார்கள். அதில் பங்குதாரராயிருந்த நார்வே நாட்டு எண்ணெய் நிறுவனம், தானே விசாரணைக் குழு அமைத்து, அந்நாட்டு ராணுவத்தின் காவலை அளவுக்கு மீறி நம்பிவிட்டோம் என்ற முடிவை அவ்வாண்டு செப்டம்பரிலேயே உலகறிய வெளியிட்டது. இறந்தவர் மீளவில்லை; ஆயினும் அவர்தம் குடும்பத்தார் உண்மையைப் பெற்றார்கள்.

இங்கே ஏழைகளின் பக்கமிருந்தே ஒரு தடை எழும். இத்தனை கடமைகளையும் சுமத்தினால் கம்பெனிகள் ஆள் எடுப்பதையே நிறுத்திவிடும். அல்லது கேள்வி கேட்காத வேறு நாட்டாரை எடுத்துக்கொள்ளும். எங்கள் பிள்ளைக்கு வேலை போய்விடும் என்பார்கள். இது பொய்யான அச்சம் அன்று. தறி ஓடாத வீட்டில் இருந்துகொண்டு தத்துவம் பேச முடியாது. எனினும் கடமையை ஏற்றால் ஒரு வேலை நட்டத்தில் முடியும் என்றால், அவ்வேலையின் ஆதாயம் இதுவரை எங்கிருந்து வந்தது? காவலுக்குக் கொடுக்க வேண்டிய காசை மிச்சம் பிடித்து வந்தது. அதாவது தொழிலாளியின் உயிரை, அவனுக்கே தெரியாமல், மூலதனத்தில் சேர்த்ததால் வந்தது. அப்படிப்பட்ட வேலை நம் பிள்ளைக்குக் கிடைக்காமல் போவதை நாம் இழப்பில் எழுதமாட்டோம்.

மீட்புப் பணத்தைப் பற்றிய சிக்கல் இதைவிடக் கடினமானது. பணம் கொடுத்தால் இவர் பிழைப்பார். அப்பணமே அடுத்த கடத்தலுக்கு விதையாகும். 2013 ஜூனில் எட்டுப் பெருநாடுகளின் தலைவர்கள் கூடிப் பயங்கரவாதிகளுக்கு மீட்புப் பணம் தருவதில்லை என்று உறுதி கூறினார்கள். சிறைப்பட்டவரை விடுவிக்க வேண்டும் என்பதோ நாயகம் (ஸல்) அவர்களின் தெளிவான கட்டளை. பணம் கொடுத்தாலும் முழுப் பலன் கிட்டும் என்பதற்கில்லை. 2010 செப்டம்பரில் சோமாலியக் கொள்ளையர் 'அஸ்பால்ட் வென்ச்சர்' என்ற கப்பலைப் பதினைந்து இந்தியர்களோடு பிடித்தார்கள். 2011 ஏப்ரலில் பணம் பெற்றுக்கொண்டு கப்பலையும் எண்மரையும் விட்டவர்கள், இந்தியக் கடற்படை பிடித்து வைத்திருந்த தம் ஆட்களுக்கு ஈடாக எழுவரை நிறுத்திக்கொண்டார்கள். அவ்வெழுவரும் விடுதலையானது 2014 அக்டோபரில். அரசு ஒன்று, எல்லாக் குடிகளையும் எண்ணிப் பணம் தர மறுப்பதை நாம் புரிந்துகொள்ள முடிகிறது. அதன் முன் இருக்கும் தராசு பெரியது. ஆனால் அம்மனிதனின் உழைப்பால் ஆதாயம் பெற்ற கம்பெனி, அனுப்பும் நாளில் எண்ணாத உலக நன்மையை மீட்கும் நாளில் திடீரென்று எண்ணத் தொடங்குவது நமக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை. இதற்கு மேல் இதில் முடிந்த முடிபு கூற நாம் துணியோம்.

துணிந்து கூறக் கூடியது ஒன்றுண்டு. சிறைப்பட்ட நாட்களின் கூலி யாருடையது? பிக்ஹு நூல்கள் கூலியாளரை இரு வகையாகப் பிரிக்கின்றன. தையற்காரரைப் போலப் பலருக்கும் வேலை செய்பவர், வேலையை முடித்துக் கொடுத்தால்தான் கூலி பெறுவார். ஒருவருக்கே தம் காலத்தை ஒப்படைத்த 'அஜீர் காஸ்' என்பவரோ, தம்மை ஒப்படைத்தாலே கூலிக்கு உரியவர். முதலாளி வேலை கொடுக்காமல் இருந்தாலும் அவர் கூலி கெடாது. கடத்தப்பட்டவர் வேலை செய்யவில்லையே என்று சொல்லிச் சம்பளத்தை நிறுத்துகிறவர்கள், எழுத்தளவில் ஓர் ஆதாரம் தேடிக்கொள்ளலாம். நோயால் வேலைக்கு வராதவருக்குக் கூலி இல்லை என்பாரும் உளர் அல்லவா? ஆனால் நோய் அவருக்குள்ளிருந்து வந்தது. கடத்தல், அவர் ஒப்படைத்த காலத்தில், முதலாளி நிறுத்திய இடத்தில், முதலாளியின் வேலையால் வந்தது. ஆதாயம் சென்ற இடத்திற்கே இழப்பும் செல்ல வேண்டும் என்ற விதியை இங்கே பொருத்தாமல் வேறெங்கே பொருத்துவது?

உலகமும் இந்த முடிவுக்கு ஒரு பக்கத்தில் வந்துவிட்டது. கடற்பணியாளர் உடன்படிக்கையில் 2018ல் ஏற்று 2020 டிசம்பர் 26ல் நடைமுறைக்கு வந்த திருத்தம், கொள்ளையரிடம் சிறைப்பட்ட கடலோடியின் ஒப்பந்தம் முறியாது, சம்பளமும் தொடரும் என்கிறது. ஒப்பந்தத் தவணை முடிந்துவிட்டாலும் தொடரும். கப்பலில் போகிறவருக்கு இது கிடைத்தது. கரையில் மின்கம்பம் நடுகிறவருக்கு அவ்வுடன்படிக்கை பொருந்தாது.

கூலி நின்றால் வீட்டில் என்ன நடக்கும் என்பதை மோசுல் நிகழ்ச்சி காட்டியது. 2014 ஜூனில் ஈராக்கின் மோசுல் நகரில் கட்டட வேலையிலிருந்த நாற்பது இந்தியர் பிடிபட்டார்கள். தப்பி வந்த ஒருவர், மற்றவர் அனைவரும் கொல்லப்பட்டதாகச் சொன்னார், அது ஏற்கப்படவில்லை. முப்பத்தொன்பது பேரும் இறந்துவிட்டதாக அரசு அறிவித்தது 2018 மார்ச் 20ல். இடைப்பட்ட நான்காண்டுகளாய் அவ்வீடுகளில் இருந்த பெண்கள் மனைவியரா, விதவைகளா? நம் சட்ட நூல்கள் இப்படிக் காணாமற் போனவரை 'மஃப்கூத்' என்று அழைக்கின்றன. ஹனபி வழியின் பழைய தீர்ப்பு, அவர் வயதொத்தவர் எல்லாம் இறக்கும் வரை மனைவி காத்திருக்கச் சொன்னது. அதன் கடுமையைக் கண்ட மௌலானா அஷ்ரப் அலீ தானவீ போன்ற அறிஞர்கள் மாலிகி வழியின் நான்காண்டுத் தவணையை ஏற்க வழி செய்தார்கள். 1939ஆம் ஆண்டு முஸ்லிம் திருமண ரத்துச் சட்டமும் அந்நான்காண்டையே எடுத்துக்கொண்டது. நாட்டின் சாட்சியச் சட்டமோ இறந்தவராகக் கொள்ள ஏழாண்டு கேட்கிறது. ஆக, நான்காம் ஆண்டில் அப்பெண் மறுமணம் செய்யலாம்; காப்பீட்டுப் பணம் பெறவோ ஏழாம் ஆண்டு வரை காத்திருக்க நேரும். அந்தக் காலம் முழுதும் அடுப்பு எரிய வேண்டும், பள்ளிக்கூடச் சம்பளம் கட்ட வேண்டும், போவதற்கு வாங்கிய கடனுக்கு வட்டியும் வளரும்.

காவல் செய்வதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கும் இந்நிலை வந்ததுண்டு. 2013 அக்டோபரில் 'சீமேன் கார்டு ஓகையோ' என்ற கப்பல் தூத்துக்குடிக்குக் கொண்டு வரப்பட்டு, அதிலிருந்த முப்பத்தைந்து பேர் கைது செய்யப்பட்டார்கள். வணிகக் கப்பல்களைக் கொள்ளையரிடமிருந்து காக்க அமெரிக்கக் கம்பெனி ஒன்று அமர்த்திய காவலரும் மாலுமிகளும் அவர்கள். அனுமதியின்றி ஆயுதம் வைத்திருந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. 2016 ஜனவரியில் ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை. 2017 நவம்பரில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அனைவரையும் விடுவித்தது. அந்த நான்காண்டுகளில் அவர்களுக்குச் சம்பளம் வரவில்லை. கடலோடிகளுக்கு உதவும் கிறித்தவத் தொண்டு அமைப்பு ஒன்று உணவும் உடையும் ஆறுதலும் கொடுத்தது. அயல்நாட்டிலிருந்து வந்து நம் ஊர்ச் சிறையில் கிடந்த அவர்களை நினைக்கையில், நம் பிள்ளைகள் போகும் நாடுகள் மட்டுமே அபாய நாடுகள் என்ற எண்ணமும் அகல்கிறது.

அரபியில் எழுதிய ஒப்பந்தத் தாள்களைப் படித்துப் பொருள் சொல்லுமாறு, திருத்தணியிலிருந்தும் பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்தும் இளைஞர்கள் நம்மிடம் கொண்டு வருவதுண்டு. முஸ்லிம்கள் மட்டுமல்லர், எல்லா மதத்தாரும் வருவர். பணியாளர் தவறு செய்தால் என்ன பிடித்தம், இடையில் திரும்பினால் யார் டிக்கெட்டு என்பன விரிவாக எழுதப்பட்டிருக்கும். வேலை செய்யும் இடம் என்ற வரியில், நகரத்தின் பெயரை அடுத்து 'கம்பெனி விரும்பும் வேறெந்த இடத்திலும்' என்று மூன்று நான்கு அரபுச் சொற்கள் இருக்கும். ஆங்கிலப் படியில் சிலவேளை அவை இரா. பணியாளர் பிடித்துச் செல்லப்பட்டால் சம்பளம் யாருக்கு, வீட்டாருக்குச் செய்தி சொல்வது யார், போர் மூண்டால் திரும்பும் செலவு யாருடையது என்ற வரிகளை நாம் இதுவரை ஒரு தாளிலும் கண்டதில்லை. ஆகவே சில ஆண்டுகளாக, வேறெதைக் கேட்காவிட்டாலும் இம்மூன்றையும் எழுதிக் கேளுங்கள் என்று சொல்லி அனுப்புகிறோம். இருவர் கேட்டார்கள். ஒருவருக்கு ஏஜெண்டு தனித்தாளில் எழுதி முத்திரையிட்டுக் கொடுத்தார். அவர் இப்போது ஜோர்டானில் இருக்கிறார், மாதந்தோறும் பணம் வருகிறது. மற்றவரிடம், இப்படிக் கேள்வி கேட்கிறவர் இந்த வேலைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கொடுத்திருந்த பாஸ்போர்ட்டைத் திரும்பப் பெறுவதற்கு அவர் இரண்டு வாரம் சென்னைக்கு அலைந்தார்.